தொகுப்புக்குள் தொகுப்பு

என் ஓரகத்தியை இந்த ஆபீசில் சேர்த்துவிட்டது நான்தான். வேறு யாராவது சொல்லிக்காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தன் பெண்டாட்டி, என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை அக்கா என்று மூக்கை உறிஞ்சினாள். பாவமாக இருந்தது. மேலாளரிடம் பேசி, என் பக்கத்து மேஜையையே வாங்கிக் கொடுத்தேன். வம்பை விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு. நான் சிபாரிசு செய்து வாங்கினேன்.

எங்கள் வேலை இதுதான். ரத்தம், சிறுநீர் சோதிக்கிற பரிசோதனைக்கூடங்களில் விதவிதமான இயந்திரங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் முடிவை ஒவ்வொரு தினுசில் கக்கும். அது ஆஸ்பத்திரிக் கணினிக்குள் போவதற்கு முன்னால், சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்து உள்ளே விட வேண்டும். முதலில் நோயாளியின் எண், அடுத்து சோதனையின் பெயர், அப்புறம் அளவு, அதன் அலகு, எவ்வளவு இருந்தால் சரி. இப்படி எழுதிவைப்பதற்குப் பெயர் ஸ்கீமா. அதை எழுதுவதற்கென்றே ஒரு மொழி இருக்கிறது. அந்த மொழியில் கணக்குப் போட முடியாது, படம் காட்ட முடியாது. 'இது இப்படித்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போ' என்று மட்டும்தான் சொல்ல முடியும். எனக்கென்றே செய்த மொழி என்பார் என் வீட்டுக்காரர்.

நான் எழுதிய ஸ்கீமாவுக்கு ஆபீசில் 'பெருசு' என்று பெயர். மரியாதையாகச் சொல்கிறார்களா கிண்டலாகச் சொல்கிறார்களா என்று நான் விசாரித்ததில்லை. சர்க்கரைக்குத் தனியாக, உப்புக்குத் தனியாக, தைராய்டுக்குத் தனியாக என்று உலகத்தில் உள்ள சோதனைக்கெல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதியது. எந்தக் கூடத்தில் புதுச் சோதனை வந்தாலும் மேலாளருக்குப் போன் வரும். மேலாளர் என் மேஜைக்கு வந்து நிற்பார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்ன சோதனை, எந்த இயந்திரம், எதோடு சேர்த்துச் செய்யப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவர் அப்படி நிற்பது எனக்குப் பிடிக்கும். எதற்கு மறைக்க வேண்டும்? மாதச் சம்பளத்தைவிட அது பிடிக்கும்.

சின்னவள் வந்தாள். முதலில் வீட்டில்தான் ஆரம்பித்தாள், அதையும் சொல்ல வேண்டும். நாங்கள் கீழ்த்தளம், அவர்கள் மாடி, சமையல் மட்டும் ஒன்று. அத்தை, அதாவது எங்கள் மாமியார், அடுக்களையில் எதைத் தேடினாலும் "பெரியவளே, மிளகு எங்க வெச்சே? பெரியவளே, சல்லடை எங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். எரிச்சலாக வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் எல்லா டப்பாக்களையும் இறக்கிக் கழுவி, பேர் எழுதி ஒட்டி, பருப்பெல்லாம் ஒரு தட்டு, பொடியெல்லாம் ஒரு தட்டு என்று அடுக்கினாள். ஒவ்வொரு தட்டின் கடைசியிலும் ஒரு காலி டப்பாவை வைத்தாள். "அது எதுக்கு?" என்றேன். "ஏதாவது புதுசா வாங்கினா வைக்க, அக்கா" என்றாள். அதற்கப்புறம் அத்தை என்னைக் கூப்பிடவே இல்லை. அடுக்களையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தானே எடுத்துக்கொள்கிறார். எரிச்சல் போயிருக்க வேண்டும், இல்லையா? வயிறுதான் எரிந்தது.

ஆபீசிலும் அதே கதை. நகரத்துப் பரிசோதனைக்கூடக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஸ்கீமா வேண்டும், நாளைக்குப் புதுக்கூடம் சேர்ந்தாலும் புதுச் சோதனை வந்தாலும் தாங்க வேண்டும் என்று எங்களிடம் வந்தார்கள். பெருசு இருக்கும்போது இதில் பேச என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன். எங்கள் மேலாளர் மழை பெய்கிறது என்றால்கூட 'பார்க்கலாம்' என்று சொல்கிற மனிதர். அவர் இதற்கும் பார்க்கலாம் என்றார். "சின்னவங்களும் ஏதோ எழுதியிருக்காங்களாமே, ரெண்டையும் காட்டுங்க."

சங்கத்தின் சார்பாக வந்தது ஒரு டாக்டரம்மா. பெரிய பை, சின்ன வாய். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். நான் பெருசைக் காட்டினேன். திரையில் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா கொட்டாவியை மூக்கால் விட்டதை நான் பார்த்தேன்.

அடுத்து சின்னவள் எழுந்தாள். வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டாள். "சோதனை ஆயிரம் இருக்கலாங்க. ஆனா முடிவு வர்ற விதம் கொஞ்சம்தான். ஒண்ணு, எண்ணா வரும். இல்லன்னா உண்டு, இல்லைன்னு வரும். இல்லன்னா டாக்டர் எழுதற குறிப்பா வரும். நாலாவது, இதெல்லாம் சேர்ந்த தொகுப்பு. இந்த நாலுக்கும் ஒவ்வொரு டெம்ப்ளேட். உள்ள பேரு, அலகு, சரியான அளவு, எல்லாம் காலி இடம். புதுச் சோதனை வந்தா காலி இடத்தை நிரப்பினா போதும். புதுசா எதுவும் எழுத வேண்டாம்."

ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் 'மேலும்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். அது என்ன என்று டாக்டரம்மா கேட்டார்.

"பின்னாடி என்ன வரும்னு நமக்கு இப்பத் தெரியாதுங்களே. நாளைக்கு ஒரு கூடம் புதுசா ஒரு விவரம் சேர்த்து அனுப்பும். பழைய கணினிக்கு அது புரியாது. புரியலைன்னா கத்த வேண்டாம், அதை மட்டும் தாண்டிப் போயிடுன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கறோம்."

டாக்டரம்மா முன்னால் சாய்ந்தார். "அப்போ புதுச் சோதனை வந்தா நாங்க உங்க ஆபீசுக்கு அலைய வேண்டாமா?"

"வேண்டாங்க. நீங்களே நிரப்பிக்கலாம்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மேலாளர் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதிய அத்தனையும் அந்த நான்கு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இடம் மிச்சம் வேறு.

எனக்கு எல்லாவற்றையும்விட அந்த 'மேலும்'தான் உறுத்தியது. அழகாக இருந்தது. அழகாக இருந்ததால்தான் உறுத்தியது. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிக்கொடுத்துக் கைதட்டு வாங்குகிறாள் ஒருத்தி! நான் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று காட்டுவதற்காகவே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள்.

கடைசியில் மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அனுபவப்பட்டவங்க. சின்னவங்க எழுதினதை நீங்க ஒரு தடவை அலசிப் பார்த்துடுங்க. ஓட்டை ஏதும் இல்லைன்னு நீங்க சொன்னா இதை எடுத்துக்குவோம். இருந்தா, பெருசே இருக்கட்டும். என்னங்கம்மா?" டாக்டரம்மா தலையாட்டினார். அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள்.

ஆக, என் நாற்காலிக்கு நானே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஓட்டை இல்லை என்றால் இனிமேல் யாரும் என் மேஜைக்கு வந்து நிற்கப் போவதில்லை. வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், அது தெரியும். ஓரமாக உட்கார வைப்பார்கள். டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை காலியாக இருக்கிறது.

நான் கண்கொத்திப் பாம்பாக அந்த ஸ்கீமாவின் மேல் உட்கார்ந்தேன். அலகு இல்லாமல் அளவை அனுப்பிப் பார்த்தேன், வாசலிலேயே மறித்தது. எண் வர வேண்டிய இடத்தில் பேரைக் கொடுத்தேன், மறித்தது. கேட்காத விவரத்தையெல்லாம் கொட்டினேன், 'மேலும்' வழியாக அலட்டிக்கொள்ளாமல் தாண்டிப் போனது. வீட்டுக்கு வந்தும் மடிக்கணினியை மூடவில்லை. என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவ எழுதினதை நீ பார்க்கற பார்வைல, என்னை ஒரு நாளாவது பார்த்திருக்கியா?"

"உங்ககிட்ட ஓட்டை தேட வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கிட்டே தெரியுது."

"தம்பி பெண்டாட்டி மேல இவ்வளவு காய்ச்சல் ஆகாது."

"எனக்கென்ன காய்ச்சல்? பொறாமை. வெறும் பொறாமை. நல்லா எழுதியிருக்கா. அதான் தாங்கலை."

அவர் ஒரு சுளையை என் பக்கம் தள்ளினார். இவரிடம் சண்டை போடவும் முடியாது.

மறுநாள் கண்டுபிடித்தேன். நான்காவது டெம்ப்ளேட், தொகுப்பு. பரிசோதனைக்கூடங்களில் சோதனைகளைத் தனித்தனியாக மட்டும் செய்வதில்லை, சேர்த்துக் கட்டியும் தருவார்கள். இதயத் தொகுப்பு, சிறுநீரகத் தொகுப்பு என்று. அவற்றையெல்லாம் போட்டு முழு உடல் தொகுப்பு என்று ஒன்று இருக்கும். ஆகவே தொகுப்புக்குள் தொகுப்பு வரலாம் என்று எழுதியிருந்தாள். சரிதான். ஆனால் எதற்குள் எது வரலாம் என்று எழுதவில்லை. ஒரு கூடம் முழு உடலுக்குள் இதயத்தை வைக்கும். இன்னொரு கூடம், இதயம் பார்க்க வருகிறவருக்கு உடம்பு முழுவதையும் பார்த்துவிடலாமே என்று இதயத்துக்குள் முழு உடலை வைக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயம். சேர்த்துப் போட்டால்? கணினி முழு உடலைத் திறக்கும், உள்ளே இதயம் இருக்கும். அதைத் திறக்கும், உள்ளே முழு உடல் இருக்கும். அதைத் திறக்கும். திறந்துகொண்டே இருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றுபோகும்.

போட்டுப் பார்த்தேன். திரையில் அந்தச் சின்ன வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆபீஸ் படியில் இறங்கும்போது சின்னவள் ஓடி வந்து கூட நடந்தாள். "அக்கா, பார்த்தீங்களா? அந்தத் தொகுப்பு டெம்ப்ளேட்டை மட்டும் கொஞ்சம் நல்லாப் பாருங்க அக்கா. எனக்கு அதுலதான் தைரியம் பத்தலை. அது எங்கேர்ந்துன்னா..."

"பார்த்தாச்சு, நல்லாத்தான் இருக்கு" என்றேன். "பஸ் போயிடும், வா."

நம்பிவிட்டாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கூடப் போனாள். அவள் தலையைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது. தள்ளிவிடவில்லை, அவ்வளவுதான் என்னிடம் இருந்த பெருந்தன்மை.

கூட்ட நாள் வந்தது. நான் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா, மேலாளர், சின்னவள், நான். மேலாளர் 'எல்லாம் சரிதானே?' என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"நல்ல வேலைதான்" என்று ஆரம்பித்தேன். அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், அப்போதுதான் விழுகிற அடி நன்றாக விழும். "ஒரே ஒரு சின்ன விஷயம்." இரண்டு கூடங்கள் அனுப்பியது போல நான் தயார் செய்து வைத்திருந்த கோப்பை உள்ளே விட்டேன். வளையம் சுற்ற ஆரம்பித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுற்றியது. ஏசி சத்தம் கேட்டது. சுற்றியது. அப்புறம் ஏன் சுற்றுகிறது என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிற மாதிரி நிதானமாக விளக்கினேன்.

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர் நாற்காலியில் அசைந்தார். "பார்க்கலாம்" என்றார், பழக்கதோஷத்தில். பிறகு, "அப்போ பெருசே இருக்கட்டுமா?" என்றார்.

ஆகா! அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மெல்ல உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "இதே கோப்பைப் பெருசுல போட்டா என்ன ஆகும்?"

"அது வேண்டாங்க" என்று சட்டென்று சொன்னாள் சின்னவள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. என்னுதுல தப்பு இருக்கு. நான் திருத்திடறேன்."

"ஏன் வேண்டாம்?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெருசை யார் வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளட்டும், என்னை என்ன நினைத்தாள் இவள்? "போடு."

"அக்கா, வேண்டாமே."

"போடுன்னா போடு."

போட்டாள். வளையம் சுற்றியது.

நான் காத்திருந்தேன். பெருசு வயதானது, கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். சுற்றியது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மேலாளர் மேஜையைப் பார்த்தார். சின்னவள் தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"மத்த மூணு டெம்ப்ளேட்டும் நான் எழுதினது. தொகுப்பு மட்டும் நான் எழுதலைங்க. பெருசுல அக்கா எழுதியிருந்ததை அப்படியே எடுத்து வெச்சேன். அதைவிட நல்லா எனக்கு எழுத வரலை."

என் எழுத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை! பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒருத்தியின் குற்றத்தைத் தேடிப் போய், கையும் களவுமாக என்னையே பிடித்துக்கொண்டு வந்து கூட்டத்தில் நிறுத்தியிருக்கிறேன். போதாததற்கு இவள் நான் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே வேறு விழுந்திருக்கிறாள். ஓட்டை தன்னுடையது என்றே சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அந்த நேரத்தில் அவளை எனக்குப் பிடிக்கவே இல்லை. நல்ல புத்தியிலும் என்னை முந்தினால் நான் எங்கேதான் போய் நிற்பது?

"ஆனா பெருசு இத்தனை வருஷமா ஒரு நாளும் இப்படி நின்னதில்லையே" என்றார் டாக்டரம்மா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நிக்காது" என்றேன். "அதுல தொகுப்பெல்லாம் நான்தான் எழுதறேன். எதுக்குள்ள எது போகலாம்னு எனக்குத் தெரியும். தப்பா கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவேன்."

"நீங்க லீவுல போனா?"

"நான் லீவு போறதில்லை."

"அது உண்மைங்க" என்றார் மேலாளர், எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

டாக்டரம்மா பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "எனக்கு இதை இன்னிக்கே முடிவு பண்ணணும். இங்கேயே சரிபண்ண முடிஞ்சா புதுசை எடுத்துக்கறோம். முடியலைன்னா பெருசு. அதுல ஆளாவது இருக்காங்க." ஆள் என்றது என்னைத்தான்.

சின்னவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவள் அடிப்பது தெளிவாகத் தெரிந்தது. முதலில், ஒரு தொகுப்பு தனக்குள் தன்னையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதினாள். அது பலிக்காது என்று எனக்குத் தெரியும். இங்கே முழு உடல் தன்னைத்தானே வைத்துக்கொள்ளவில்லை, நடுவில் இதயம் இருக்கிறது. கோப்பை விட்டாள். வளையம் சுற்றியது. நான் வாயைத் திறக்கவில்லை.

திறப்பானேன்? பேசாமல் இருந்தால் போதும், பெருசு நிற்கும். நாளைக்கு மேலாளர் என் மேஜைக்கு வருவார். நான் கண்ணாடியைத் துடைப்பேன். ஓட்டை இரண்டிலும் இருக்கிறது, ஆனால் பெருசுக்குக் காவல் இருக்க நான் இருக்கிறேன். அவளுடையதற்கு யாரும் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, தொகுப்புக்குள் தொகுப்பே வரக் கூடாது என்று எழுதினாள். என் கோப்பை விட்டாள். உடனே மறித்தது! மேலாளர் கைதட்டப் போனார். டாக்டரம்மா மட்டும், "வழக்கமா வர்றதையும் போட்டுப் பாருங்க" என்றார்.

ஊரில் உள்ள கூடங்கள் தினமும் அனுப்புகிற நிஜக் கோப்புகளை விட்டாள். திரை சிவப்பாகிவிட்டது. முழு உடல் தொகுப்பு வெளியே. முதியோர் தொகுப்பு வெளியே. அறுவைசிகிச்சைக்கு முன் பார்க்கிற தொகுப்பு வெளியே. ஒவ்வொன்றும் நான் போனில் மணிக்கணக்காகச் சண்டை போட்டு, அந்தந்தக் கூடத்துக்காரர்களைக் கேட்டுக் கேட்டு, எதோடு எதைச் சேர்ப்பது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. எல்லாம் வாசலுக்கு வெளியே சிவப்பாக விழுந்து கிடந்தது. அவள் அதைச் சேமிக்கப் போனாள்.

"ஐயோ, அதையெல்லாம் ஏண்டி தூக்கி எறியறே?" என்று கத்திவிட்டேன். ஆபீசில் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. "அறிவிருக்கா? அதெல்லாம் நல்ல தொகுப்பு. திருடனைப் பிடிக்கத் தெரியலைன்னா வீட்டுல இருக்கறவங்களையெல்லாம் வெளியே தள்ளுவியா?"

அவள் கோபப்படவில்லை. முழு உடம்போடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்போ நீங்க எப்படிக்கா பார்ப்பீங்க? ஒருத்தர் தொகுப்பு கேட்டு வந்தா, இது சரி, இது தப்புன்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க?"

எதை வைத்து? யாரும் இதுவரை கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்டுவிட்டாள், வாய் என் பேச்சைக் கேட்காமல் தானே போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத் தொகுப்புக்கும் மனசுல ஒரு படி வெச்சிருப்பேன். இதயம், சிறுநீரகம் மாதிரி ஒரு உறுப்பைப் பார்க்கறதெல்லாம் கீழ்ப்படி. ஒரு ஆளைப் பார்க்கறது, முதியோர், கர்ப்பிணி, அதெல்லாம் நடுப்படி. முழு உடல் மேல்படி. மேல இருக்கறதுக்குள்ள கீழ இருக்கறது போகலாம். கீழ இருக்கறதுக்குள்ள மேல இருக்கறது போகக் கூடாது. ஒரே படியில இருக்கற ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகக் கூடாது. இதயத்துக்குள்ள முழு உடலைக் கேட்டு ஒருத்தன் வந்தான்னா, படி ஏறுதேன்னு நிறுத்திடுவேன். இறங்கிக்கிட்டே போனா எங்கேயாவது தரை வந்துதானே ஆகணும்? சுத்தவே முடியாது."

சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "அக்கா!" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பி, தொகுப்பு டெம்ப்ளேட்டில் 'படி' என்று இன்னொரு காலி இடத்தைச் சேர்த்தாள். அதற்குக் கீழே ஒரு வரி எழுதினாள்: உள்ளே வரும் தொகுப்பின் படி, வைத்துக்கொள்ளும் தொகுப்பின் படியைவிடக் கீழே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வரி. நான் எட்டிப் பார்த்தேன். வேறு ஏதாவது எழுதுவாள் என்று காத்திருந்தேன். அவ்வளவேதான் எழுதினாள்.

"பழைய தொகுப்புக்கெல்லாம் எந்தப் படின்னு சொல்லுங்கக்கா."

சொன்னேன். கல்லீரல், கீழே. குழந்தைகள், நடுவில். பயணம் போகிறவர்களுக்கு, நடுவில். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சிலவற்றில் எனக்கே தடுமாற்றம் இருந்தது, அங்கே மட்டும் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம். பிறகு ஊர்க்கோப்புகளையெல்லாம் விட்டாள். ஒன்றுவிடாமல் உள்ளே போயின. கடைசியாக என் கோப்பை விட்டாள். கண் இமைப்பதற்குள் மறித்தது. எதனால் மறித்தேன் என்றும் சொன்னது: படி ஏறுகிறது.

நான் சொல்லியிருந்தால் கொஞ்சம் திட்டியும் சொல்லியிருப்பேன். மற்றபடி வார்த்தை அதேதான்.

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "இதைத்தாங்க நான் கேட்டேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலாளர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சரி என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை, அதுவும் இன்றைக்குத்தான் வர வேண்டுமா?

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்வானேன். அந்த ஒரு வரி அவ்வளவு கச்சிதமாக இருந்தது, நானே எழுதியிருந்தால் வீட்டில் போய் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் பொறாமை போகவில்லை, இடம் மாறிக்கொண்டது. இத்தனை வருஷம் என் மண்டைக்குள் இருந்தும் அதை நான் ஒரு நாளும் வாக்கியமாகப் பார்த்ததில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள், அது வெளியே வந்து விழுந்தது. பெருசை எழுத்து எழுத்தாகத் தேடினாலும் அந்த விதி கிடைக்காது. அந்த விதி நான்தான். நான் உட்கார்ந்திருந்த வரைக்கும் அதை எழுதத் தேவை இருக்கவில்லை. இப்போது எழுதியாயிற்று.

டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். மேலாளர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். சின்னவள் மட்டும் எழவில்லை. விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி, ஆசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் சூது வாது எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அக்கா, வேற ஏதாவது இப்படி உங்க மனசுல இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எழுதிடறேன்."

இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெய்யாகவே தேடினேன். சர்க்கரை, உப்பு, தைராய்டு, ஒவ்வொரு கூடமாக, ஒவ்வொரு இயந்திரமாக, நான் முடியாது என்று சொன்ன ஒவ்வொரு ஆளாகத் தேடிக்கொண்டே போனேன். ஒவ்வொன்றும் அவளுடைய நான்கு கட்டத்தில் ஏதாவது ஒன்றுக்குள் போய் அடங்கிவிட்டது. வெளியே எதுவும் நிற்கவில்லை.

"இல்லை" என்றேன். "அவ்வளவுதான் இருந்தது."